டாக்டர் கேட்காத கேள்வி

(ஆண்களின் உடற்பரிசோதனை பற்றிப் பொதுக்கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்டால் உங்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சிலர் பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடும். தாய்மார்கள் எழுந்து போய்விடலாமா என்று யோசிக்கவும் கூடும். ஒருவரும் போக வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் தாய்மார்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த சம்பந்தம் இல்லை என்பது கேட்டுக் கொண்டே வந்தால் விளங்கும். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் யோசிக்கவும் வேண்டுமென்று மாத்திரம் கேட்டுக் கொள்ளுகின்றோம்.

விஷயம் இதுதான். ஊரில் வைத்திய முகாம் போடுகின்றார்கள். 40 வயது தாண்டிய ஒருவர் போய் உட்காருகின்றார். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்கின்றார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கின்றார்கள். எடை பார்க்கின்றார்கள். கண் மங்குகின்றதா, கால் மரத்துப் போகின்றதா, இரவில் எத்தனை தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கின்றீர், பீடி உண்டா, குடி உண்டா என்றெல்லாம் கேட்கின்றார்கள். அவரும் எல்லாவற்றிற்கும் பதில் சொல்லிவிட்டு, மாத்திரையை வாங்கிக் கொண்டு வீடு வந்து சேருகின்றார். ஆனால் ஒரு கேள்வியை மாத்திரம் டாக்டரும் கேட்பதில்லை. இவரும் தாமாகச் சொல்லுவதில்லை. "உமக்கு முன்போல விறைப்பு உண்டாகின்றதா? உண்டான விறைப்பு நிலைத்து நிற்கின்றதா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

40 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆணிடமும், சர்க்கரை வியாதியுள்ள ஆணானால் எந்த வயதினரிடமும், உடற்பரிசோதனை நடக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டே தீரவேண்டும் என்பது நமது கட்சி. ஏதோ சுகபோகத்திற்காகச் சொல்லும் யோசனை என்று எண்ணிவிடாதீர்கள். மாரடைப்பு வருவதற்குச் சில வருஷங்கள் முன்னாலேயே எச்சரிக்கை கொடுக்கக் கூடிய அடையாளம் ஒன்று ஆணின் சரீரத்திலேயே இருக்கின்றது. அந்த அடையாளத்தை வெட்கத்தினால் மூடிவைத்து மனிதர்கள் சாகின்றார்கள் என்பதற்காகவே இதைப் பேச வந்திருக்கின்றோம்.

நாம் வைத்தியர் அல்ல. பள்ளிக்கூடத்துப் படிப்பும் நமக்கு அதிகமில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு எழுதியிருப்பதை நம்மால் முடிந்த மட்டும் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும், நமது புத்திக்குப் பொருத்தமாய்ப் பட்டதையே உங்கள் முன் வைக்கின்றோம்.

பெயரிலேயே இருக்கும் மோசம்

முதலாவது, இந்தக் கோளாறுக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். "ஆண்மைக் குறைவு" என்கின்றார்கள். கண் தெரியாமற் போனால் கண் மங்கிவிட்டது என்கின்றோம். காது கேளாவிட்டால் காது மந்தம் என்கின்றோம். மூட்டு வீங்கினால் மூட்டு வீக்கம் என்கின்றோம். இவைகளில் எதற்காவது "மனிதத் தன்மைக் குறைவு" என்று பெயர் வைத்தோமா? இல்லை. ஒரே ஒரு உறுப்புக்குப் போகும் ரத்தம் குறைந்துவிட்டால் மாத்திரம் அந்த மனிதனுடைய ஆண்மையே குறைந்துவிட்டது என்கின்றோம். ஆண்மை என்றால் என்ன? வீரம், தைரியம், யோக்கியதை, பெண்டாட்டியை அடக்கியாளும் அதிகாரம் என்று அந்த ஒரு வார்த்தைக்குள் எதையெதையோ அடைத்து வைத்துவிட்டோம். பிறகு எந்த ஆண்தான் வாயைத் திறந்து, "எனக்கு அது குறைந்துவிட்டது" என்று சொல்ல முன்வருவான்? வயிற்று வலி வந்தால் பத்துப் பேரிடம் சொல்லிப் பத்து மருந்து கேட்கிறவன், இதைப் பெற்ற தாயிடமும் சொல்லுவதில்லை, கூடப் படுக்கும் மனைவியிடமும் சொல்லுவதில்லை.

இன்னொரு குழப்பமும் அந்தப் பெயரில் இருக்கின்றது. பிள்ளை இல்லாமையையும் இதையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்துவிடுகின்றார்கள். விறைப்பு நன்றாக உள்ள ஒருவனுடைய விந்துவில் உயிரணு இல்லாமலிருக்கலாம். விறைப்புக் குறைந்த ஒருவனுடைய விந்துவில் உயிரணு நிறைய இருக்கலாம். இரண்டும் வேறு வேறு சங்கதி. ஆகையால் நாம் இதை "விறைப்புக் குறைவு" என்றே சொல்லுவோம். பெயரைச் சரியாக வைத்தாலே பாதி வெட்கம் போய்விடும்.

விறைப்பு எப்படி உண்டாகின்றது?

ஆண்குறியில் எலும்பு இல்லை. அதற்குள் கடற்பஞ்சு போன்ற தசை இருக்கின்றது. ஆசை உண்டாகும்போது நரம்புகள் வழியாகச் செய்தி போகின்றது. உடனே அங்குள்ள ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து விரிகின்றது; பஞ்சு போன்ற இடமெல்லாம் ரத்தம் நிறைகின்றது; நிறைந்த ரத்தமே வெளியே போகும் குழாய்களை அழுத்தி அடைத்துக் கொள்ளுகின்றது. வயலுக்கு மடை திறந்து நீர் பாய்ச்சி, நிறைந்ததும் வடிகாலை அடைப்பதைப் போன்ற வேலைதான் இது. இதில் மந்திரமும் இல்லை, மர்மமும் இல்லை.

குழாயின் சுவர் தளர்வதற்குக் காரணமாயிருப்பது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் ஒரு வாயு. ரத்தக் குழாயின் உட்புறத்தில் படிந்துள்ள மெல்லிய தோல் அதை உண்டாக்குகின்றது. நரம்பின் நுனியிலும் அது உண்டாகின்றது. இருதயத்திற்கும் ரத்தக் குழாய்களுக்கும் இந்த வாயு செய்தி கொண்டு போகும் விதத்தைக் கண்டு சொன்னதற்காக பர்ச்காட், இக்னாரோ, முராத் என்னும் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-ம் வருஷம் வைத்தியத்திற்கான நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இங்கேதான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். அந்த மெல்லிய உள்தோல் ஆண்குறியில் ஒருவிதமாகவும் மாரில் வேறுவிதமாகவும் இருப்பதல்ல. உடம்பு முழுவதும் ஒரே தோல்தான். சர்க்கரையும், ரத்தக் கொதிப்பும், பீடி சிகரெட்டும், ரத்தத்தில் மிஞ்சிய கொழுப்பும் அதைக் கெடுக்கும்போது எல்லா இடத்திலும்தான் கெடுக்கின்றன. ஆனால் கெடுதல் முதலில் எங்கே வெளியே தெரியும்? குழாய் எங்கே சிறியதோ அங்கே தெரியும். ஆண்குறிக்குப் போகும் ரத்தக் குழாயின் அகலம் சுமார் 1 முதல் 2 மில்லி மீட்டர். இருதயத்திற்கு ரத்தம் கொடுக்கும் குழாய் 3 முதல் 4 மில்லி மீட்டர். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் குழாய் 5 முதல் 7 மில்லி மீட்டர். ஒரே தண்ணீர் ஓடும் மூன்று குழாய்களில் ஒரே கனத்துக்குப் பாசி பிடித்தால் எது முதலில் அடைபடும்? சின்னக் குழாய்தானே? சின்னக் குழாய் அடைபட்டது கண்டும், பெரிய குழாய் சுத்தமாயிருக்கும் என்று நம்பிக் கொண்டிருக்கிறவனைப் புத்திசாலி என்று சொல்லலாமா?

கணக்கு என்ன சொல்லுகின்றது?

இது வெறும் யுக்தி வாதமல்ல. 2003-ம் வருஷம் இத்தாலி தேசத்து டாக்டர்கள், மார்வலி வந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் இருதயக் குழாய் அடைப்பு உண்டென்று படம் எடுத்து ருஜுவான 300 ஆண்களை விசாரித்து எழுதினார்கள். அவர்களில் 100-க்கு 49 பேருக்கு விறைப்புக் குறைவு இருந்தது. அந்தக் குறைவு இருந்தவர்களிலும் 100-க்கு 67 பேருக்கு, மார்வலி தோன்றுமுன்பே அது வந்துவிட்டது. எவ்வளவு காலம் முன்பு? சராசரி 38 மாதங்களுக்கு மேல். அதாவது மூன்று வருஷத்திற்கு மேலாக உடம்பு மணி அடித்துக் கொண்டேயிருந்திருக்கின்றது, கேட்பார்தான் இல்லை.

2005-ம் வருஷம் அமெரிக்காவில், 55 வயதும் அதற்கு மேலுமான 9,457 ஆண்களை வருஷக் கணக்கில் கவனித்து வந்ததன் முடிவை வெளியிட்டார்கள். புதிதாக விறைப்புக் குறைவு கண்டவர்களுக்கு, மற்றவர்களைவிட இருதய, ரத்தக் குழாய் வியாதிகள் வருவது கால் பங்கு அதிகமாயிருந்தது. சிகரெட் பிடிப்பதனால் எவ்வளவு ஆபத்தோ, குடும்பத்தில் மாரடைப்பு கண்டவர்கள் இருப்பதனால் எவ்வளவு ஆபத்தோ, ஏறக்குறைய அவ்வளவு ஆபத்தை இது காட்டுகின்றது என்றார்கள். "சிகரெட் உண்டா?" என்று கேட்கும் டாக்டர், "உங்கள் தகப்பனாருக்கு மாரடைப்பு உண்டா?" என்று கேட்கும் டாக்டர், இதை மாத்திரம் கேட்காமல் விடுவதற்கு என்ன நியாயம் இருக்கின்றது?

2012-ம் வருஷம் வெளியான பிரின்ஸ்டன் நிபுணர் குழுவின் மூன்றாம் அறிக்கை, விறைப்புக் குறைவோடு வரும் ஆணுக்கு இருதய வியாதி இருப்பதாக முன்பின் தெரியாவிட்டாலும், இருதய ஆபத்து எவ்வளவென்று பரிசோதிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 10 வருஷத்திற்குள் ஒருவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய வாய்ப்பைக் கணக்கிடுவதற்கு ஒரு கணக்கு முறை வைத்திருக்கின்றார்கள். 2017-ம் வருஷம் அதைத் திருத்தியபோது, வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவைகளோடு விறைப்புக் குறைவையும் ஒரு கணக்காகச் சேர்த்துக் கொண்டார்கள். அங்கே அது கணக்கில் ஏறிவிட்டது. இங்கே அது காதிலேயே ஏறவில்லை.

இது எங்கோ நூற்றில் ஒருவனுக்கு வருவது என்றும் நினைக்காதீர்கள். 1987 முதல் 1989 வரை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் 40 முதல் 70 வயது வரையுள்ள சாதாரண ஜனங்களிடம் விசாரித்ததில், பதில் சொன்ன 1,290 ஆண்களில் 100-க்கு 52 பேருக்குக் கொஞ்சமாகவோ அதிகமாகவோ இந்தக் குறைவு இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்களில் சுமார் பாதிப்பேருக்கு இது உண்டு என்று பல தேசத்துக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்லுகின்றார்கள். இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023-ம் வருஷம் வெளியான கணக்கு சொல்லுகின்றது. அவர்களில் ஆண்கள் எத்தனை பேர், அந்த ஆண்களில் பாதி எத்தனை பேர் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இத்தனை பேரும் தனக்கு ஒருவனுக்குத்தான் இந்தத் தலைவிதி என்று எண்ணிக் கொண்டு இருட்டிலே வாயைப் பொத்திக் கொண்டிருக்கின்றார்கள்.

ஒரு மளிகைக் கடைக்காரர்

நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருக்கின்றார். வயது 46. இந்தக் குறைவு கண்டதும் அவர் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தார். லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து தங்கும் வைத்தியரிடம் ராத்திரி நேரத்தில், தலையில் துண்டைப் போட்டுக் கொண்டு போனார். லேகியம் என்றும் பஸ்பம் என்றும் இரண்டு வருஷம் வாங்கித் தின்றார். கடை லாபம் முழுதும் அங்கே போயிற்று. பலன் இல்லாமற் போகவே, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மந்திரவாதியிடம் போனார். தாயத்து கட்டிக் கொண்டார். அதன் பிறகு, "உன் ராசிதான் இப்படி ஆக்கிவிட்டது" என்று பெண்டாட்டி மேல் பழி விழுந்தது. அந்த அம்மாள் ஒன்றும் அறியாதவர். ஊர் ஊராய்ப் பரிகாரத்திற்கு அலைந்தார்.

இதற்கிடையில் அந்த மனிதர் இரண்டு வைத்திய முகாம்களுக்கும் போயிருக்கின்றார். இரண்டிலும் ரத்த அழுத்தம் சற்று அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. ஒருநாள் விடியற்காலம் மார்வலி வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போனார்கள். சர்க்கரை 300-க்கு மேல்; இருதயக் குழாயில் இரண்டு அடைப்பு. அங்கே ஒரு இளம் டாக்டர்தான் முதன்முதல் கேட்டார். "மூன்று வருஷமாய் இருக்கின்றது ஐயா" என்று இவர் சொன்னார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, "ஒருவரும் கேட்கவில்லையே ஐயா" என்றார். தோழர்களே! இந்தப் பதிலுக்கு யார் வெட்கப்பட வேண்டும்?

அவர் பிழைத்துக் கொண்டார். பிழைக்காதவர்களுடைய கதை நமக்குத் தெரியாது. அவர்கள் அதைத் தங்களோடேயே கொண்டு போய்விட்டார்கள்.

வெட்கத்தை விற்றுப் பிழைப்பவர்கள்

டாக்டர் கேட்காத இடத்தில் மோசக்காரன் கேட்கின்றான். அதுதான் இந்த வியாபாரத்தின் முழு ரகசியம். "இளமையில் செய்த தவறினால் நரம்புத் தளர்ச்சியா? வாழ்க்கை இருண்டுவிட்டதா?" என்று அவன் சுவரிலும் பத்திரிகையிலும் கேட்கின்றான். இத்தனை துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து ஆகின்றது, அதை விட்டவன் உயிரை விட்டவன் என்று பயமுறுத்துகின்றான். விந்து என்பது எச்சிலைப்போலச் சுரப்பிகளில் ஊறுகின்ற நீர்; போனால் மறுபடியும் ஊறும். கைப்பழக்கத்தினால் விறைப்புக் கெடுவதில்லை. நல்ல திடகாத்திரமான வாலிபர்கள் "தாது போகின்றது" என்ற பயம் ஒன்றினாலேயே இளைத்து, மனமுடைந்து போவதை இந்திய மனோவைத்தியர் விக் என்பவர் 1960-ம் வருஷம் தனியாகப் பெயர் கொடுத்து எழுதி வைத்தார். வியாதியை உண்டாக்கியது தாதுவல்ல. தாதுவைப் பற்றிய கட்டுக்கதை.

இந்தப் புரட்டு நம் தேசத்திற்கு மாத்திரம் சொந்தமென்று நாம் சொல்லவில்லை. வெள்ளைக்காரனும் இதில் நமக்கு இளைத்தவனல்ல. பாரிஸ் பட்டணத்தில் வோரொனாப் என்னும் டாக்டர் 1920 முதல் குரங்கின் விரையை அரிந்து பணக்காரக் கிழவர்களுக்கு வைத்துத் தைத்தார். அமெரிக்காவில் கான்சாஸ் மாகாணத்தில் பிரிங்க்லி என்பவர் வெள்ளாட்டு விரையை 750 டாலருக்கு வைத்துத் தைத்துப் பெரும் பணக்காரரானார். 1930-ம் வருஷம் அந்த மாகாணத்தார் அவருடைய வைத்திய லைசென்ஸைப் பிடுங்கினார்கள். மனிதனுக்கு வெட்கம் இருக்கும் இடமெல்லாம் ஆட்டு வியாபாரமும் குரங்கு வியாபாரமும் நடக்கும் என்பதற்கு இவை அத்தாட்சி.

நம் தேசத்தில் இப்படிப்பட்ட விளம்பரங்களைத் தடுக்க 1954-ம் வருஷத்திலேயே சட்டம் செய்தாய்விட்டது. ஆனால் சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கின்றது. விளம்பரம் சுவரில் இருக்கின்றது. அன்றியும், "மூலிகை" என்று சொல்லி விற்ற இவ்வகை மருந்துகள் பலவற்றில் ஆங்கில மாத்திரையின் மருந்தையே சொல்லாமல் கலந்திருப்பதை அமெரிக்க சர்க்கார் பல தடவை கண்டுபிடித்திருக்கின்றார்கள். மார்வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையை உபயோகிக்கிறவர் இதைத் தெரியாமல் தின்றால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிருக்கே ஆபத்து உண்டாகும். பஸ்பங்களின் சங்கதியும் லேசானதல்ல. 2004-ம் வருஷம் வெளியான ஆராய்ச்சியொன்றில், பாஸ்டன் வட்டாரத்துக் கடைகளில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70-ஐப் பரிசோதித்ததில் 14-ல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. அந்த 70-ம் இந்த வியாதிக்கானவை அல்ல. ஆனாலும் உள்ளே என்ன இருக்கின்றதென்று எழுதாத பொட்டலத்தைத் தின்பதில் உள்ள அபாயத்துக்கு அது போதுமான சாட்சி.

இப்போது உண்மையான மருந்து ஒன்று வந்த கதையையும் கேளுங்கள். இங்கிலாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியார் சில்டெனாபில் என்னும் மருந்தை மார்வலிக்காகப் பரீட்சித்தார்கள். மார்வலிக்கு அது எதிர்பார்த்த பலன் தரவில்லை. ஆனால் தின்றவர்களுக்கு விறைப்பு உண்டாயிற்று. 1998-ம் வருஷம் மார்ச்சு மாதம் அமெரிக்க சர்க்கார் அதை இந்தக் குறைவுக்கு மருந்தென்று அனுமதித்தார்கள். இருதயக் குழாய்க்குத் தேடிய மருந்து ஆண்குறியின் குழாயில் வேலை செய்தது என்றால், இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்த சங்கதி என்பதற்கு இன்னும் என்ன ருஜு வேண்டும்?

ஆனால் ஒன்று. அந்த மாத்திரையைக் கடையில் தானே வாங்கித் தின்றுவிட்டுச் சும்மா இருப்பதும் புத்திசாலித்தனமாகாது. வீட்டில் புகை நாற்றம் வந்தால் ஊதுவத்தி கொளுத்தி வைப்பவனா எரிகிற இடத்தைத் தேடுவான்?

ஆட்சேபணைகளுக்குச் சமாதானம்

"வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே, அதற்குப் போய்ப் பரிசோதனையா?" என்கின்றார்கள். வயதானால் கண்ணில் புரை விழுவதும்தான் எல்லோருக்கும் வருகின்றது. அதற்குக் கத்தி வைத்துப் பார்வை கொடுக்கவில்லையா? மேலும் 60-ல் வருவதைவிட 40-ல் வருவதுதான் இருதயத்தைப் பற்றிப் பெரிய எச்சரிக்கை.

"இது மனக் கோளாறுதானே?" என்கின்றார்கள். சிலருக்கு மனமும் காரணம்தான். கவலை, கடன், மனச்சோர்வு, புதுக் கலியாணத்துப் பயம் இவைகளால் வருவதுண்டு. தூக்கத்திலும் விடியற்காலையிலும் விறைப்பு நன்றாயிருந்து, வேண்டும்போது மாத்திரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மனந்தான் காரணம் என்று டாக்டர் ஊகிப்பார். ரத்தக் கொதிப்புக்குத் தின்னும் சில மாத்திரைகளாலும் வருவதுண்டு. அதைச் சொன்னால் டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தரலாம். சொல்லாதவன் என்ன செய்கின்றான்? ரத்தக் கொதிப்பு மாத்திரையையே நிறுத்திவிடுகின்றான். ஒருநாள் வாய் கோணி, கை விழுந்து போகின்றது. மனமோ, மாத்திரையோ, குழாயோ, எது காரணமென்று கண்டுபிடிக்க வேண்டுமானால் கேட்டால்தானே முடியும்?

"டாக்டருக்கு நேரம் ஏது?" என்கின்றார்கள். இதற்கு யந்திரம் வேண்டாம், ரத்தம் வேண்டாம், காசு வேண்டாம். 1999-ம் வருஷம் முதல் 5 கேள்விகள் உள்ள ஒரு சீட்டு உபயோகத்தில் இருக்கின்றது. மொத்தம் 25 மார்க்கு. 21-ம் அதற்குக் கீழும் வந்தால் குறைவு உண்டென்று அர்த்தம். டாக்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் தாமே எழுதிவிடலாம்.

"இதையெல்லாம் கேட்டால் மானம் போகாதா?" என்கின்றார்கள். லாட்ஜில் தலையில் துண்டைப் போட்டுக் கொண்டு உட்காருவதில் போகாத மானம், பகல் வெளிச்சத்தில் படித்த டாக்டரிடம் சொல்லுவதிலா போய்விடும்?

செய்ய வேண்டியதென்ன?

2021-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆரம்பித்த "மக்களைத் தேடி மருத்துவம்" என்னும் திட்டத்தில், நமது ராஜ்யத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். மிகவும் நல்ல காரியம். அப்படி வரும் சகோதரிகளிடம் வாசற்படியில், நாலு பேர் முன்னிலையில் ஒரு ஆண் இதைச் சொல்லமாட்டான் என்பது நமக்கும் தெரியும். சொல்லவும் வேண்டாம். அந்த 5 கேள்விச் சீட்டைத் தமிழில் அச்சடித்து மடித்துக் கையில் கொடுக்கட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் கொடுக்கட்டும். தெரியாதவரைக் கதவைச் சாத்திக் கொண்டு டாக்டரே கேட்கட்டும். சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கால் பார்ப்பதும் கண் பார்ப்பதும் போல இதுவும் வருஷத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய காரியமாகட்டும்.

"உண்டு" என்று ஒருவன் சொன்னால் உடனே மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை, இடுப்பளவு பார்க்க வேண்டும். புகையும் குடியும் விசாரிக்க வேண்டும். என்னென்ன மாத்திரை தின்கின்றார் என்று கேட்க வேண்டும். மனம் எப்படி இருக்கின்றதென்று கேட்க வேண்டும். அவசியமானால் காலை வேளையில் ரத்தம் எடுத்து ஆண் சுரப்பு நீரின் அளவையும், இருதயத்தையும் பார்க்க வேண்டும்.

இதனால் குணம் உண்டாகுமா என்று கேட்பீர்கள். 2004-ம் வருஷம் வெளியான இத்தாலி ஆராய்ச்சியொன்றில், உடல் பருத்து விறைப்புக் குறைந்திருந்த 110 ஆண்களை இரண்டு பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதி 55 பேருக்குச் சாப்பாட்டைக் குறைப்பதும் உடம்பை அசைப்பதும் எப்படியென்று கூடவே இருந்து கற்றுக் கொடுத்தார்கள். மற்ற 55 பேருக்குப் பொதுவான புத்திமதி மாத்திரம் சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது முதல் பாதியில் 17 பேருக்குக் குறைவு நீங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் 3 பேருக்குத்தான். லேகியம் இல்லை, தாயத்து இல்லை. நடையும் அளவான சோறும்தான். எல்லோருக்கும் நீங்கிவிடும் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். ஆனால் நீங்காதவனுக்கும் அந்த நடை இருதயத்தைக் காக்குமல்லவா?

கடைசியாக, தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆண் விலகிப் படுத்தால் அதற்குக் காரணம் தன் அழகு போய்விட்டது என்றோ, வேறொருத்தி வந்துவிட்டாள் என்றோ எண்ணிப் பெண் அழுகின்றாள். ஆண் தன் வெட்கத்தை மறைக்கக் கோபத்தைக் காட்டுகின்றான், அடிக்கவும் செய்கின்றான். ராசியில்லாதவள் என்ற பட்டம் வேறு. பெண்ணின் ராசிக்கும் ஆணின் ரத்தக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? ஆகவே, உங்கள் கணவருக்கு இந்தக் குறைவு கண்டால், கோயில் குளம் என்று புறப்படுவதற்கு முன்னால் அவரைச் சர்க்கரை பார்க்க அழைத்துப் போங்கள். ஏளனம் செய்யாதீர்கள், பழியையும் ஏற்றுக் கொள்ளாதீர்கள்.

ஆண் தோழர்களே! அடுத்த தடவை உடற்பரிசோதனைக்குப் போகும்போது டாக்டர் இதைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், "ஐயா, இதையும் கேளுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். பத்துப் பேர் அப்படிச் சொன்னால் பதினோராவது ஆளை டாக்டர் தாமே கேட்பார். நாம் சொன்னதை நம்ப வேண்டுமென்ற கட்டாயம் ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள். விஷயம் தெரிந்த டாக்டரிடம் விசாரித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள். ஆனால் விசாரிக்கும் காரியத்தை மாத்திரம் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். அந்த மளிகைக் கடைக்காரருக்கு மூன்று வருஷம் தவணை கிடைத்தது. எல்லோருக்கும் அவ்வளவு கிடைக்குமென்பது நிச்சயமில்லை.